மூன்று விரல் தையல்

துரைசானிக்கு ஓர் ஆசை வந்துவிட்டால் அது நிறைவேறும்வரை அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அந்த வருடம் மாசியில் அவளுக்கு மரத்தளம் வேண்டும் என்று ஆசை வந்தது. பழவேற்காட்டில் உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கட்டிய கோட்டைக்குத் தெற்கே, ஏரியைப் பார்த்தபடி இருந்தது அவள் வீடு. முன்பு கடலுக்கு அப்பால் பத்தாவி நகரத்தில் இருந்தபோது வீட்டுப் பின்புறம் தண்ணீரை ஒட்டி ஒரு மரத்தளம் இருந்ததாம். மாலையில் அதில் நாற்காலி போட்டு உட்காருவாளாம். இங்கே பின்புறத்தில் இருந்தது மணலும் நண்டும்தான். அதனால் தச்சனை வரவழைத்து, மரக்கால் நட்டு, குறுக்குச் சட்டம் கொடுத்து, மேலே பலகை பரப்பச் சொன்னாள்.

தச்சன் பரப்பிய பலகைகள் புதியவை அல்ல. வெயிலில் வெளுத்து, ஓரங்களில் வரிசையாக ஓட்டையோடு இருந்தன. தளத்தில் ஏறி நடந்த முதல் நாளே துரைசானியின் கைத்தடி ஓர் ஓட்டையில் சிக்கி, அவள் முழங்கால் தேய விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே உத்தரவும் போட்டாள்: ஓட்டை எல்லாவற்றையும் அடைக்க வேண்டும், தளம் முழுவதும் கப்பல் மேல்தட்டு மாதிரி கருஞ்சிவப்பாகச் சாயம் ஏற வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவனுக்கு இந்த வேலை தெரியாது. மரத்துக்கு எண்ணெயும் சாயமும் ஊட்டத் தெரிந்தவர்கள் படகுக்காரர்கள்தான். வீட்டு வேலைகளைக் கவனித்துக்கொள்ளும் சாலமன் அப்படித்தான் இருசம்மாளைத் தேடிப் பிடித்தார்.

"படகுக்குப் பூசுறாப்பலதான் பூசணும். ஆனா மீன் நாத்தம் வரக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார் சாலமன்.

"சுறா எண்ணெ வேணாம்னா புன்ன எண்ணெயில செஞ்சிடலாம். காய ஒரு நாளு கூட ஆவும்."

"வெள்ளிக்கெழமக்குள்ள முடியணும்."

"வெள்ளிக்கெழம நான் வரமாட்டேன். வியாழன் சாயந்தரமே முடிச்சிக் குடுத்துடறேன்."

ஏன் வரமாட்டாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் இருசம்மாளுக்கு மறுதாலி.

அவளுடைய குப்பம் ஏரிக்கு அந்தப் பக்கம், ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல் திட்டில் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், பஞ்சம் தலைவிரித்து ஆடிய வருடத்தில், அவள் புருஷன் அங்கமுத்து கடலோடு போனான். படகில் அன்று போனவர்கள் அவனும் தம்பி சிங்காரமும் மட்டும். மற்ற ஆட்களில் பாதிப் பேர் பஞ்சத்தில் செத்திருந்தார்கள், பாதிப் பேர் பிழைப்புத் தேடி எங்கோ போயிருந்தார்கள். முகத்துவாரத்து அலையில் படகு சிதறிப் போச்சு, அண்ணனைக் காணோம், நான் மட்டும் நீந்தி வந்தேன் என்று சிங்காரம் வந்து நின்றான். கையில் உடைந்த பலகை ஒன்றைக் கொண்டு வந்திருந்தான்.

கடல் உடம்பைத் திருப்பித் தராவிட்டால் அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவனின் படகிலிருந்து ஒரு துண்டை எடுத்து, பாடையில் வைத்துக் கட்டி, உடம்பு போலவே தூக்கிக்கொண்டு போய் எரிப்பார்கள். கட்டை வெந்து சாம்பல் ஆனதும் பெண்டாட்டியின் தாலியை அறுப்பார்கள். இருசம்மாளுக்கும் அப்படித்தான் அறுத்தார்கள். அந்த வருடம் அந்தச் சுடுகாட்டில் இப்படி எரிந்த கட்டைகள் ஐந்து.

அதன் பிறகு அவளையும் இரண்டு பெண்களையும் பார்த்துக்கொண்டவன் சிங்காரம். கள் குடிக்க மாட்டான், அதிர்ந்து பேச மாட்டான். ஊர்ப்பெரியவர் சகாதேவன் தை மாதம் அவளைக் கூப்பிட்டு, "அவனும் ஒண்டிக்கட்டையா கீறான். ஊரு வாய மூட முடியாது, கட்டிக்கோ" என்றார். இருசம்மாள் ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை, ஆனால் இனிமேல் பயமில்லாமல் தூங்கலாம் என்று இருந்தது. முகத்தை நேராகப் பார்த்து அவன் பேச மாட்டான். கூச்சம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நாள் குறித்த பிறகு அவளை அண்ணி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியாமல், "த பாரு... வந்து..." என்று தடுமாறினான். மூத்தவள் பவுனம்மாளும் சின்னவள் லோகநாயகியும் அதைப் பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் "த பாரு, வந்து" என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டு திரிந்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டே நாளாகியிருந்தது.

தினமும் காலையில் சிங்காரம்தான் அவளைத் தோணியில் கொண்டுவந்து துரைசானி வீட்டுக் கரையில் இறக்கிவிட்டுப் போவான். சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போவான். வீட்டுப் பக்கம் அவன் ஏறி வந்ததில்லை.

முதல் இரண்டு நாள் தளத்தைத் தேங்காய் நாரும் மணலும் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். காயவிட்டாள். பலகைகள் என்ன என்பது பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சலங்குப் பலகைகள். ஆணி அடிக்காமல், பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகுக்கு அந்தப் பக்கத்தில் சலங்கு என்று பெயர். ஓரத்து ஓட்டைகள் கயிறு போன வழி. பழைய படகைப் பிரித்து விற்பது உலகத்தில் நடப்பதுதான், அதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

புதன்கிழமை குங்கிலியத்தை இடித்து, சுண்ணாம்பும் புன்னை எண்ணெயும் சேர்த்து, கை வலிக்க வலிக்க அம்மியில் அரைத்துச் சாந்து செய்தாள். வீட்டுப் பக்கத்துப் பலகையிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு ஓட்டைக்குள் சாந்தைத் திணித்துக் கட்டைவிரலால் அழுத்துவது, நாலு விரல் தள்ளி அடுத்த ஓட்டை. சலங்கு தைக்கிறவன் கையை வைத்துத்தான் அளப்பான். நாலு விரல் அகலத்துக்கு ஒரு ஓட்டை, யார் தைத்தாலும் அதுதான் கணக்கு. அதனால் பார்க்காமலே கை அடுத்த ஓட்டைக்குப் போய்விடும். அடைத்த பலகைகளுக்கு அன்று சாயங்காலமே, எண்ணெயில் செங்காவியும் கொஞ்சம் கரியும் குழைத்து, துணியில் தொட்டு ஒரு பூச்சு தேய்த்தாள். பாதித் தளம் கருஞ்சிவப்பாகிவிட்டது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த துரைசானி தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலை ஏரிப் பக்கத்துப் பலகைகளுக்கு வந்தாள். முதல் ஓட்டையை அடைத்துவிட்டு, பேசிப் பழகிய வாய் மாதிரி கை தானாக நாலு விரல் தள்ளிப் போனது. அங்கே ஓட்டை இல்லை. விரலைப் பின்னால் இழுத்துப் பார்த்தாள். மூன்று விரலில் இருந்தது. அடுத்ததும் மூன்று விரல். அதற்கு அடுத்ததும்.

இருசம்மாள் சாந்துக் கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தாள்.

மூன்று விரலுக்கு ஒரு ஓட்டை போட்டுத் தைக்கிறவன் அந்தக் கரையில் ஒரே ஒருவன்தான். அங்கமுத்துவுக்கு வலது கையில் சுண்டுவிரல் கிடையாது. சின்ன வயதில் திருக்கை முள் ஏறி, அழுகி, வைத்தியன் எடுத்துவிட்டான். மிச்சமிருந்த மூன்று விரலை வைத்தே அளந்து ஓட்டை போடுவான். அவன் தைத்த படகைச் சல்லடை என்று ஊர் கேலி செய்யும். ஓட்டை அதிகம் என்றால் கயிறும் அதிகம். அந்தக் கயிறு முழுவதையும் தொடையில் வைத்துத் திரித்துக் கொடுத்தவள் இருசம்மாள். கல்யாணமான புதிதில், "ஒத்த விரலு இல்லாததுக்கு என் தோலு உரியுது" என்று அவனிடம் சண்டை போட்டிருக்கிறாள்.

அவனுடைய படகு. அது உடைந்து போன படகு. உடைந்த மரம் கரை ஒதுங்கி, யாரோ பொறுக்கி விற்றிருப்பார்கள் என்று முதலில் நினைத்தாள். நினைத்துக்கொண்டே ஒவ்வொரு ஓட்டையாகத் தடவினாள்.

அலையில் சிதறுகிற சலங்கு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? கயிறு லேசில் அறாது. மரம்தான் கிழியும். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் விரிசல் ஓடி, பலகையின் ஓரம் பல் பல்லாகப் பிய்ந்து போகும். இந்தப் பலகைகளில் ஒரு கீறல் இல்லை. சில ஓட்டைகளில் கயிற்றின் துணுக்கு இன்னும் இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பி ஒன்றை வெளியே எடுத்தாள். படகின் உள்பக்கத்திலிருந்து கத்தியைச் சாய்த்து வைத்து அறுத்த துணுக்கு. வருடத்துக்கு ஒருமுறை பழைய தையலைப் பிரித்துப் புதிதாகத் தைக்கும்போது படகுக்காரன் இப்படித்தான் அறுப்பான். மரத்துக்கு வலிக்காமல் அறுக்கிற அறுப்பு அது.

எழுந்து நின்று பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அடிப்பலகை, விலாப்பலகை, பின்பலகை எல்லாம் இருந்தன. முன்பக்கத்துப் பலகை ஒன்றைத்தான் காணவில்லை. அதைத்தான் பாடையில் வைத்து எரித்தார்கள்.

சாலமன் அந்தப் பக்கம் வந்தபோது, "இந்தப் பலகைங்க எங்கேர்ந்து வந்தது?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாக வந்ததை நினைத்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"மரக்கடையிலதான் வாங்கினோம். மூணு வருசமா அங்க அடுக்கிக் கெடந்துது. பஞ்சத்துல எவனோ முழுப் படகைப் பிரிச்சு எடுத்தாந்து போட்டுட்டுப் போனானாம். ஏன், உளுத்துப் போச்சா?"

"இல்ல. நல்லாத்தான் கீது."

அவர் போன பிறகு தளத்திலேயே உட்கார்ந்தாள். படகு முழுசாகக் கரைக்கு வந்திருக்கிறது. அப்படியானால் அங்கமுத்து எங்கே? படகில் போனவர்கள் இரண்டே பேர். ஒருவன் திரும்பி வந்தான், படகைப் பிரித்து விற்றான், உடைந்தது என்று சொல்லி ஒரு பலகையை எரிக்க வைத்தான், மூன்று வருடம் அவள் வீட்டு வாசலில் மீனைக் கொண்டுவந்து வைத்தான், நாளைக் காலை அவள் கழுத்தில் தாலி கட்டப் போகிறான். நாலு நாளாக அந்த ஆளோடு ஒரே தோணியில் தனியாக வந்து போயிருக்கிறாள். வீட்டில் இரண்டு பெண்களையும் இப்போது அவன் பொறுப்பில்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

ஓடிப்போய் யாரிடமாவது சொல்லலாமா என்று பார்த்தாள். யாரிடம் சொல்வது? ஓட்டைக்கு ஓட்டை மூன்று விரல் என்று துரைசானியிடம் சொன்னால் அவளுக்கு என்ன விளங்கும்?

உச்சி வெயில் சாய்ந்து கொஞ்ச நேரத்தில் சிங்காரத்தின் தோணி கரையில் வந்து தட்டியது. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வந்துவிட்டான். மறுநாள் விசேஷம் அல்லவா.

"மேல வா" என்று கூப்பிட்டாள்.

"நான் இங்கியே நிக்கிறேன். நீ... வந்து... முடிச்சிட்டு வா."

"மேல வா சிங்காரம்."

அவன் ஏறி வந்தான். இருசம்மாள் அவனுடைய கையைப் பிடித்தாள். பிடித்ததும் அவன் முகம் சிவந்தது. இழுத்துக்கொண்டு போய்ப் பலகையின் ஓரத்தில் உட்கார வைத்து, அவன் விரல்களை ஓட்டைகளின் மேல் வைத்தாள்.

"எண்ணு. எத்தினி வெரலு?"

சிங்காரம் எண்ணவில்லை. பலகையைப் பார்த்தான், தளத்தின் அந்தக் கடைசிவரை பார்த்தான். பிறகு கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அவர இன்னாடா பண்ணே?"

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணி."

எத்தனையோ நாளுக்குப் பிறகு அண்ணி என்றான்.

"பொய் சொல்ற வாய்க்கு அண்ணி ஒரு கேடா? கொன்னுட்டியா? கடல்ல தள்ளிட்டியா? சொல்லு."

"அண்ணன் கப்பலுக்குப் பூட்டாரு அண்ணி."

"எந்தக் கப்பலுக்கு?"

"ஆளு வாங்கினு போற கப்பலுக்கு. பத்தாவிக்குப் போற கப்பலு. தானாத்தான் போனாரு."

ஆள் வாங்குகிற கப்பல் என்றால் என்ன என்று அந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பஞ்ச வருடத்தில் கரைக்கு எட்டத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஏறிப் போகிறவனுக்குப் பதிலாக அவன் வீட்டுக்கு அரிசி தருவார்கள். போனவன் அடிமை. திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

சிங்காரம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அந்த வருடம் கடலில் மீன் இருந்தது, நெல்தான் இல்லை. வெறும் மீனைத் தின்று தின்று பவுனம்மாளுக்கும் லோகநாயகிக்கும் வயிறு போய்க்கொண்டே இருந்தது. இருசம்மாளுக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. ஒரு நாள் காலையில் அண்ணன், "வாடா, கப்பலாண்ட போலாம்" என்றான். சிங்காரம் நான் போறேன் என்றுதான் சொன்னானாம். கப்பல்காரர்கள் அவன் கண்ணையும் பல்லையும் பார்த்துவிட்டு, காய்ச்சல்காரன், வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். அண்ணனை எடுத்துக்கொண்டார்கள். ஒரு விரல் குறைகிறதே என்று மட்டும் கொஞ்ச நேரம் பேசினார்களாம்.

"வித்துக்கினு பூட்டான்னு தெரிஞ்சா ஊரு தள்ளி வச்சிடும், பொண்ணுங்கள எவனும் கட்டமாட்டான், கடல்ல பூட்டேன்னு சொல்லிடுனு அண்ணன்தான் சொன்னாரு. படகு முழுசாக் கரையில நின்னா எப்படி நம்புவாங்க? அதான் பிரிச்சேன்."

"ஒடைக்க வேண்டியதுதானே? ஒடைச்சிருந்தா எனுக்கு இன்னிக்குத் தெரிஞ்சிருக்காதே."

"கோடாலிய எடுத்தேன் அண்ணி. முன்பலகைய ஒண்ண ஒடைச்சேன். அதுக்கு மேல கை வரல. அண்ணன் தச்ச படகு. நல்ல படகு."

அதுதான் அவன் செய்த தப்பு. வேறு யாராக இருந்தாலும் அடித்து நொறுக்கி அடுப்புக்குப் போட்டிருப்பார்கள். நல்ல நிலையில் இருக்கிற படகைக் கோடாலியால் வெட்ட அந்த ஊர்க்காரன் எவனுக்கும் மனசு வராது.

இருசம்மாளுக்கு அப்போதுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது. கட்டை எரித்த மூன்றாம் நாள் சிங்காரம் அரிசி கொண்டுவந்தான். எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்குக் கப்பல் சரக்கு இறக்கினேன் என்றான். அவள் கஞ்சி காய்ச்சினாள். முதல் வாய் கஞ்சி உள்ளே போனதும், புருஷன் செத்த துக்கத்தையும் மீறி, எவ்வளவு ருசி என்று நினைத்தாள். நினைத்ததற்காக அன்று வெட்கப்பட்டாள். பிள்ளைகள் சட்டியை வழித்து நக்கினார்கள்.

"அந்த அரிசியா?" என்றாள்.

சிங்காரம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"அவரத்தான் தின்னோமாடா நாங்க?"

அவள் பலகையில் முகத்தை வைத்து அழுதாள். புருஷன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டானா? கேட்டால் விடமாட்டேன் என்றுதானே கேட்கவில்லை. பெரிய தியாகி என்று திட்டினாள். திட்டிக்கொண்டே அந்த மூன்று விரல் இடைவெளியைத் தடவினாள்.

கொஞ்சம் ஓய்ந்த பிறகு கேட்டாள். "சாவுற வரைக்கும் எங்கிட்ட சொல்லவே வேணாம்னு சொன்னாரா?"

சிங்காரம் ஏரியைப் பார்த்தான்.

"எம் மொகத்தப் பாத்துச் சொல்லு."

"இல்ல. பஞ்சம் தீந்து, நீ எழுந்து நடமாடினதும் உங்கிட்ட மட்டும் சொல்லிடுனு சொன்னாரு."

"எப்ப தீந்துது பஞ்சம்?"

"மறு வருசமே."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னு வாசலு வரைக்கும் வந்தேன் அண்ணி. நீ உள்ள கூப்பிட்டு, தட்டு வச்சு, சோறு போட்டே. சொல்லிட்டா இனிமே இந்தத் தட்டு நமக்கு இல்லன்னு தோணிச்சு. நாளைக்கு சொல்லலாம்னு போயிட்டேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் அதேதான்."

அவன் அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. கொன்றிருப்பானோ என்று பயந்தபோதுகூட இவ்வளவு கசக்கவில்லை. பொய் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. பாதியிலிருந்து அவனுக்காக ஓடியிருக்கிறது. இரண்டு வருடம் உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு அவளைத் தாலியறுத்தவளாக வைத்திருந்தான்.

"நாளைக்கு இன்னா பண்ணப் போறே அண்ணி?" என்றான் கடைசியில். "நீ வெளிய சொன்னா என்னை எந்தப் படகுலயும் ஏத்தமாட்டாங்க. அத்த விடு. பவுனம்மாவுக்குப் பதினோரு வயசு ஆவுது. அவளுக்கு எவன் வருவான்?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. சும்மா இருந்துவிட்டால் பெண்கள் பிழைப்பார்கள். வாயைத் திறந்தால் பஞ்சத்தில் அங்கமுத்து வாங்கிக் கொடுத்த வாழ்வை அவளே எடுத்து ஏரியில் போட்ட மாதிரி ஆகும்.

இருசம்மாள் எழுந்தாள். மிச்சமிருந்த ஓட்டைகளை அடைத்தாள். வேலையைப் பாதியில் விட்டுப் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. புருஷன் போட்ட ஓட்டை ஒவ்வொன்றிலும் சாந்தை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். பிறகு துணியைச் சாயத்தில் தோய்த்து, மரத்தின் ரேகை ஓடிய பக்கமாகவே தேய்த்துக்கொண்டு வந்தாள். பலகை எண்ணெயைக் குடித்தது. சிங்காரம் உதவிக்குத் துணியை எடுத்தான், அவள் பிடுங்கி வைத்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் தளம் முழுவதும் ஒரே நிறமாகிவிட்டது. சாலமன் வந்து பார்த்துவிட்டு, துரைசானி ரொம்பச் சந்தோஷப்படுவாள் என்றார்.

தோணியில் திரும்பும்போது அவள் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஊர்க்கோவில் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். மறுதாலிக்கு மேளம் கிடையாது. பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஆண்கள் கொஞ்சம் பேர், நடுவில் சகாதேவன். தாம்பாளத்தில் மஞ்சள் கயிறு. கோவிந்தம்மா என்ற பக்கத்து வீட்டுக்காரி இருசம்மாளின் முகத்துக்கு மஞ்சள் பூச வந்தாள். இருசம்மாளின் விரல் நகங்களில் சாயத்தின் சிவப்பு இன்னும் போகவில்லை.

"இன்னாடி, நேத்து குளிக்கலையா?" என்று கோவிந்தம்மா கேலி செய்தாள்.

இருசம்மாள் அவள் கையைத் தடுத்தாள். எழுந்து நின்றாள். இரவு முழுவதும் பெண்கள் இரண்டும் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்; எதையும் முடிவு செய்துகொண்டு வரவில்லை. ஆனால் அந்தக் கயிற்றைப் பார்த்ததும், பேசாமல் கழுத்தை நீட்ட முடியாது என்று தெரிந்துவிட்டது.

"எம் புருசன் சாவல" என்றாள்.

பெண்கள் அவளை உட்கார வைக்கப் பார்த்தார்கள். நல்ல நாளில் இதென்ன பேச்சு என்றார்கள். அவள் உட்காரவில்லை. படகைப் பிரித்தது, பலகைகள் எங்கே இருக்கின்றன என்பது, கப்பல், அரிசி எல்லாவற்றையும் சொன்னாள். அழாமல் சொன்னாள்.

சகாதேவன் சிங்காரத்தின் பக்கம் திரும்பினார். "இவ சொல்றது நெஜமாடா?"

எல்லோரும் சிங்காரத்தைப் பார்த்தார்கள். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் நம்பும். ஓட்டைகளை அவளே அடைத்துச் சாயமும் பூசிவிட்டாள். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"நெஜந்தான்" என்றான் சிங்காரம்.

சகாதேவன் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். தீர்ப்புச் சொல்லும்போது அவர் அப்படித்தான் செய்வார். "வித்துக்கினு போனவன் ஊட்டோட ஊருக்கு ஒறவு கெடையாது. இது நம்ம அப்பன் பாட்டன் வச்ச கட்டு. அதனால இன்னியிலேருந்து இந்த ஊட்டுல..."

"எந்தக் கப்பலு?"

கேட்டது கோவிந்தம்மா. மஞ்சள் கிண்ணத்தோடு அப்படியே நின்றிருந்தாள்.

"சிங்காரம், எந்தக் கப்பலு? ஆடி மாசம் வந்ததா, அதுக்கு அப்புறம் வந்ததா?"

"ஆடியில வந்ததுதான் அத்த."

"அதுல எம் மவன் ராஜவேலு இருந்தானா? நெட்டையா இருப்பானே. நீ ஏறிப் பாத்தியே, இருந்தானா?"

ராஜவேலுவும் அந்த வருடம் கடலில் செத்தவன். அவனுக்கும் கட்டை எரித்திருந்தார்கள். கோவிந்தம்மாவின் புருஷன் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். "மூணு வருசம் பொத்தினது போதும்" என்றாள். அதற்குள் பின்னாலிருந்து இன்னொருத்தி, பெயர் சொல்லாமல், "என்னோடது தை மாசக் கப்பலு" என்றாள். சகாதேவன் பாதியில் நிறுத்திய வார்த்தையை முடிக்கவே இல்லை. துண்டை இன்னொரு முறை தோளில் சரி செய்துகொண்டு எழுந்து போய்விட்டார்.

கூட்டம் கலைந்தது. தாம்பாளத்தில் கயிறு கிடந்தது. சிங்காரம் அதைத் தொடவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தோணிக்கரைப் பக்கம் நடந்தான்.

இருசம்மாள் கயிற்றை எடுத்தாள். அறுத்த தாலியை அதே புருஷன் பேரில் மறுபடி கட்டுவதற்கு அந்த ஊரில் சடங்கு கிடையாது. என்ன சொல்லி, யார் கட்டுவது என்று எவருக்கும் தெரியாது. அவளே கழுத்தைச் சுற்றிப் போட்டு, கைகளைப் பின்னால் கொண்டுபோய், மூன்று முடிச்சும் போட்டுக்கொண்டாள். கோவிந்தம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

சின்னவள் லோகநாயகி வந்து அம்மாவின் புடவையைப் பிடித்தாள். அப்பா போனபோது அவளுக்கு இரண்டு வயது. அவர் முகம்கூட அவளுக்குத் தெரியாது.

"நைனா எப்பம்மா வருவாரு?"

"தெரியாதுடி."

மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. அன்றிலிருந்து அவள் தினமும் கேட்டாள்.